தரகுக் காசு கொடுக்காமல் தப்பிப்பது எப்படி: பக்தியுள்ள யூதருக்கு ஒரு கையேடு

ஜெருசலேமில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கிவிட்டீர்கள். வாழ்த்துகள். வங்கிக் கடன் வந்தது, வக்கீலுக்குக் கொடுத்தாயிற்று, பெயின்ட்காரருக்கு முன்பணமும் போயாயிற்று. பாக்கி ஒரே ஓர் ஆள்தான். அப்படி ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று உங்கள் காதில் முதலில் போட்டவர்.

இஸ்ரேலில் வீட்டுத் தரகு வழக்கமாக விலையில் 2 சதவீதம். அதன் மேல் 18 சதவீத வாட் வரி. 30 லட்சம் ஷெகல் வீட்டுக்கு 60,000 ஷெகல், வரியோடு 70,800. நாலு தடவை மாடிப்படி ஏறி இறங்கியதற்கும் பத்துப் பதினைந்து போன் பேசியதற்கும் எழுபதாயிரமா என்று வயிறு எரிவது இயற்கை. வீடு அமையும்வரை தரகர் தெய்வம். சாவி கைக்கு வந்ததும் அவர் யாரோ எவரோ. இது எந்த ஊருக்கும் புதிதல்ல.

உங்கள் சிக்கல் வேறு. நீங்கள் பக்திமான். வழக்கு என்று வந்தால் அரசாங்கக் கோர்ட்டுக்குப் போகமாட்டீர்கள். பெத் தின் என்னும் மத நீதிமன்றத்தில் மூன்று ரப்பிகளுக்கு முன்னால்தான் உட்காருவீர்கள். காசும் கொடுக்கக் கூடாது, பாவமும் சேரக் கூடாது. அதற்கான வழிகளைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். உங்களுக்கு முன்னால் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதே யோசனையோடு பலர் வந்துபோயிருக்கிறார்கள், அவர்களில் பலர் உங்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எல்லோரும் முதலில் எடுப்பது ‘நான் கேட்கவே இல்லையே’ என்ற ஆயுதத்தை. காலைத் தொழுகை முடிந்து காபி குடிக்கும்போது அவராக வந்தார், அவராகச் சொன்னார், நான் என்ன அவரை வேலைக்கா வைத்தேன்? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்வதற்குமுன் தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட விவாத நூலில் பாபா மெட்சியா என்ற பகுதியைப் புரட்டிப் பாருங்கள். அங்கே ஒருவன் இன்னொருவனுடைய நிலத்தில், கேட்காமல் கொள்ளாமல் இறங்கி மரம் நட்டுவிட்டுப் போகிறான். கூலி உண்டா இல்லையா என்று மூன்றாம் நூற்றாண்டு பாபிலோனியாவின் இரண்டு பெரிய தலைகள், ராவும் ஷ்முவேலும், பேசுகிறார்கள். ஷ்முவேல் சொல்வது: இப்படி ஒரு நிலத்தில் மரம் நட ஒருவன் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருப்பானோ அவ்வளவு கொடு. ராவ் சொல்வது: மதிப்புப் போடு, ஆனால் நட்டவனுக்குக் குறைந்த கணக்கே. பின்னால் வந்த ராவ் பப்பா என்பவர் இரண்டையும் சமாதானப்படுத்தி வைத்தார். நடவுக்கென்றே கிடந்த நிலமானால் முழுக்கூலி, அல்லாததானால் குறைந்த கணக்கு. ஒன்றுமே கிடையாது என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதை ஒட்டி ராவிடம் வந்த ஒரு வழக்கையும் அங்கே சொல்கிறார்கள். போய் மதிப்புப் போட்டுக் கொடு என்று நிலக்காரனிடம் சொன்னார் ராவ். எனக்கு இந்த மரமே வேண்டாம் என்றான் அவன். சரி, குறைந்த கணக்கில் கொடு. அதுவும் வேண்டாம். இப்படியே இழுத்துக்கொண்டிருந்தவன், நட்ட நிலத்தைச் சுற்றி வேலி போட்டுக் காவல் காப்பதை ஒருநாள் ராவ் பார்த்துவிட்டார். உனக்குப் பிடித்திருக்கிறது என்பது தெரிந்துபோயிற்று, இனி நட்டவன் பக்கம்தான் கணக்கு என்று தீர்ப்பை மாற்றிவிட்டார்.

எனவே இந்த வழியில் போகிறவர்களுக்கு எங்கள் ஆலோசனை: வீட்டுக்கு வேலி போடாதீர்கள். பூட்டு மாற்றாதீர்கள். திரைச்சீலை வாங்காதீர்கள். குடிபோகவே போகாதீர்கள். விற்பனைக்கென்றே இருந்த வீடு, வீடு தேடிக்கொண்டே இருந்த நீங்கள், நடுவில் ஒருவர். இதைவிட ‘நடவுக்கென்றே கிடந்த நிலம்’ வேறு கிடையாது. தரகருக்கும் கல்யாணத் தரகருக்கும் கூலி வந்தது இந்த மரக்கன்றிலிருந்துதான் என்று வில்னாவின் காவோன் என்று பெயர்பெற்ற அறிஞர் 18ஆம் நூற்றாண்டில் அடிவேரைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அப்படியானால் ‘சும்மா செய்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்’ என்று சொல்லலாமா? சொல்லலாம். ரப்பி யோசேஃப் காரோ சஃபெத் நகரில் எழுதி, 1565இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அரூஹ் என்ற சட்டத் தொகுப்புக்கு, போலந்தின் கிராகோவிலிருந்து ரப்பி மோஷே இஸர்லெஸ் ஓரக்குறிப்புகள் எழுதினார். அதில் ஒரு குறிப்பு உங்களையே மனத்தில் வைத்து எழுதியது போலிருக்கும். ஒருவன் இன்னொருவனுக்கு ஒரு காரியமோ நல்லதோ செய்தால், ‘நான் சொல்லாமல் நீயாகத்தானே செய்தாய், அது இலவசம்’ என்று சொல்ல முடியாது, கூலி கொடுத்தாக வேண்டும் என்கிறார். நல்லது செய்தவன் வாய் திறந்து கேட்காததால் அது தானம் ஆகிவிடாது.

இதில் மெய்யாகவே ஒரு சந்து உண்டு, நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். சொன்னவர் சொன்ன நேரத்தில் உண்மையிலேயே நட்புக்காகத்தான் சொன்னார், காசு மனத்திலேயே இல்லை என்றால், பிறகு உங்கள் வீட்டு பால்கனியைப் பார்த்துவிட்டு மனம் மாறிக் கேட்க முடியாது. கொடுத்தது கொடுத்ததுதான். நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம், தொழுகைக்கூடத்தில் கையில் காபிக் கோப்பையோடு நின்ற ஒருவர் அந்த நிமிடத்தில் மனத்துக்குள் என்ன நினைத்தார் என்று நிரூபிப்பதுதான். அவர் தொழில்முறைத் தரகர், சட்டைப்பையில் விசிட்டிங் கார்டு வைத்திருப்பவர் என்றால் அந்த முயற்சியே வேண்டாம்.

அடுத்து, எழுத்தில் ஒன்றும் இல்லையே என்ற வாதம். இதில் இஸ்ரேல் அரசாங்கம் உங்கள் பக்கம். 1996ஆம் ஆண்டின் நிலத்தரகர் சட்டப்படி தரகருக்கு உரிமம் இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும், வியாபாரம் முடிய அவரே உண்மையான காரணமாக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கோர்ட்டில் அவருக்கு ஒன்றும் தேறாது. ஆகா என்று குதிக்காதீர்கள். நீங்கள் பக்திமான், மறந்துவிட்டீர்களா? மத நீதிபதிகள் இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். நாட்டுச் சட்டம்தான் இன்று ஊர் வழக்கம், அதை எண்ணித்தான் எல்லோரும் வியாபாரம் செய்கிறார்கள் என்கிறார்கள் சிலர். காகிதம் இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, பயன் அடைந்தவன் கடன்பட்டவன் என்கிறார்கள் மற்றவர்கள். நீங்கள் நிற்கப்போகும் மூன்று பேர் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது. தரகரும் விசாரித்துக்கொண்டிருப்பார்.

வாய்ப்பேச்சுக்கு இங்கே எவ்வளவு எடை என்று தெரிய வேண்டுமானால் ராமத் கானில் உள்ள வைரச் சந்தைக்கோ நியூயார்க்கின் 47ஆம் தெருவுக்கோ போய்ப் பாருங்கள். லட்சக்கணக்கான டாலர் கல் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கைமாறும். பேரம் படிந்ததும் ‘மசால் உப்ராஹா’ என்று சொல்லிக் கைகுலுக்குவார்கள். அதோடு வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகு எழுதிக் கொடுக்கவில்லையே என்று பின்வாங்கினால் அந்தச் சந்தையில் தலைகாட்ட முடியாது. ஆண்ட்வெர்ப்பில் கடை போட்டிருக்கும் குஜராத்தி ஜைனர்களும் அதே எபிரெய வார்த்தையைச் சொல்லித்தான் கை கொடுக்கிறார்கள். நடுவில் நிற்கும் தரகருக்குப் பெரும்பாலும் 1 சதவீதம். அதைக் கொடுக்காமல் இருக்க வழி கேட்டால் சிரிப்பார்கள்.

வீடு விலைக்கு வருகிறது என்று எனக்கு முன்பே தெரியும் என்பது பழைய பல்லவி. உண்மையானால் பலிக்கும், ஏனென்றால் தெரிந்ததைச் சொன்னதில் பயன் ஒன்றும் இல்லை. அப்படியானால் அவர் சொன்ன அன்றைக்கே அதைச் சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டிக்கொண்டே அவர் பின்னால் மூன்று மாடி ஏறியிருக்கக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் மறுப்பு வகை. கொஞ்சம் கலை நுணுக்கம் உள்ளவர்களுக்கு வாக்குறுதி வகையைச் சிபாரிசு செய்கிறோம். தரகரிடம் கேட்டதைவிட அதிகமாகவே தருவதாகச் சொல்லுங்கள். இரண்டு சதவீதம் என்ன, ஐந்து தருகிறேன். காரியம் முடிந்ததும், சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லிவிடலாம். இதற்குத் தல்மூதிலேயே ஆதாரம் இருக்கிறது. சிறையிலிருந்து தப்பி ஓடுகிறவன் ஆற்றங்கரையில் படகுக்காரனிடம், இந்தா ஒரு தினார், என்னை அக்கரை சேர்த்துவிடு என்கிறான். கரை சேர்ந்தபின் அவன் கொடுக்க வேண்டியது வழக்கமான படகுக்கூலி மட்டுமே. உயிர் போகிற அவசரத்தில் சொன்னது வாக்காகாது, விளையாட்டாகச் சொன்னேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. படகுக்காரன் அந்த நேரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்து, உன்னால் என் மீன் போயிற்று என்றால்தான் பேசியதை முழுசாகக் கொடுக்க வேண்டும். கல்யாணத் தரகருக்கு அளவுக்கு மீறி வாக்குக் கொடுத்தவனும் இந்தக் கணக்கில்தான் வருவான் என்று இஸர்லெஸ் எழுதிவைத்திருக்கிறார், ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. இதில் ஐந்து இரண்டாகக் குறையும். இரண்டு பூஜ்யமாகாது. அதோடு, வீடு வாங்கிய நீங்கள் எந்தச் சிறையிலிருந்து ஓடிவந்தீர்கள் என்று ரப்பிகள் கேட்பார்கள். வாடகை வீட்டுக்காரரைக் கைகாட்டிப் பாருங்கள். சில நீதிபதிகளுக்கு இரக்கம் பிறக்கலாம்.

இரண்டு தரகர்களை மோதவிட்டு, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாததால் யாருக்கும் கொடுக்கவில்லை என்று ஒதுங்குவதும் ஒரு வழிதான். ஆனால் கல்யாணத் தரகில் ஆரம்பித்தவர், நடுவில் பேசியவர், முடித்துவைத்தவர் என்று மூவருக்கும் பங்கு பிரிப்பதற்கே தனித் தீர்ப்புகள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஒரு கூலி மூன்றாகப் பிரியும். உங்கள் வாசலில் ஓர் ஆளுக்குப் பதில் மூன்று ஆள் நிற்பார்கள், அவ்வளவுதான் லாபம்.

நீங்கள் வாங்குகிறவர் அல்ல, விற்கிறவர் என்றால் நிலைமை கொஞ்சம் நன்றாக இருக்கும். ஷுல்ஹான் அரூஹில் தரகருக்கென்றே ஒரு தனி அதிகாரம் உண்டு. தரகர் என்பவர் கூலி வாங்கும் ஏஜென்ட், சொன்னதை மீறினால் நஷ்டம் அவர் தலையில் என்று தொடங்குகிறது. ரூபன் ஒரு பொருளைச் சிமியோனிடம் கொடுத்து, நூறுக்குக் குறையாமல் விற்றுக்கொடு என்கிறான். சிமியோன் ஐம்பதுக்கு விற்றுவிட்டான். மீதி ஐம்பது சிமியோன் கையிலிருந்து வர வேண்டும். சரி, இருநூறுக்கு விற்றால்? அப்போது இருநூறும் ரூபனுக்கே. வேறு எந்தத் தொழிலிலாவது இப்படி நஷ்டம் மட்டும் பங்காகக் கிடைக்குமா? தரகர்கள் ஏன் எப்போதும் பெருமூச்சு விடுகிறார்கள் என்று எனக்கு இந்த இடத்தைப் படித்தபின்தான் புரிந்தது. விற்கிறவர்கள் குறைந்த விலையை வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் இரண்டு சாட்சிகளை நிறுத்திக்கொள்ளுங்கள்.

தரகரைத் தாண்டிக்கொண்டு நேராகப் போய் முடித்துவிட்டால் என்ன என்று துணிச்சல்காரர்கள் கேட்பார்கள். அடுத்தவன் பேரம் பேசிக்கொண்டிருப்பதில் புகுந்து தட்டிக்கொண்டு போகிறவனை, ஏழை சுற்றிச் சுற்றி வந்த ரொட்டியைப் பறித்தவன் என்ற கணக்கில் வைத்து, துன்மார்க்கன் என்று கூப்பிடலாம் என்கிறது தல்மூத். கித்துஷின் என்ற பகுதியில் அதற்கு ஒரு கதை இருக்கிறது. ராவ் கிதேல் ஒரு நிலத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் ரப்பி அப்பா என்பவர் போய் வாங்கிவிட்டார். புகார் ரப்பி இட்ஸ்ஹாக் வரை போயிற்று. பண்டிகைக்கு ரப்பி அப்பா இங்கே வரும்வரை பொறு என்றார் அவர். வந்தபோது ரப்பி இட்ஸ்ஹாக் கேட்டார், ஏழையின் ரொட்டியைப் பறித்தவனுக்கு என்ன பெயர்? துன்மார்க்கன். பிறகு நீர் ஏன் இப்படிச் செய்தீர்? அவர் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாதே. தெரிந்துவிட்டதல்லவா, இப்போது கொடுத்துவிடும்.

இங்கேதான் ரப்பி அப்பா தன் கைவரிசையைக் காட்டினார். இது நான் முதன்முதலில் வாங்கிய நிலம், முதல் நிலத்தை விற்பது நல்ல சகுனமல்ல, வேண்டுமானால் சும்மா எடுத்துக்கொள்ளட்டும் என்றார். தானத்தை வெறுப்பவன்தான் பிழைப்பான் என்று நீதிமொழிகளில் படித்த ராவ் கிதேல் சும்மா வாங்க மறுத்தார். அவர் பேரம் பேசியது என்பதால் ரப்பி அப்பாவும் அதில் இறங்கவில்லை. ரப்பிகளின் நிலம் என்ற பெயரோடு அது இருவருக்கும் இல்லாமல் கிடந்தது. இருவரும் பெரிய மனிதர்கள், அவர்களுக்குக் கட்டும். 30 லட்சம் ஷெகல் வீட்டை, மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது, கௌரவத்துக்காகப் பூட்டிவைக்க உங்களால் முடியுமா என்று வங்கியைக் கேட்டுப் பாருங்கள்.

பெரிய மனிதர்கள் எல்லோரும் அப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. அதே பக்கத்தில், ரப்பா பர் பர் ஹன்னா காசு கொடுத்து, எனக்காக அந்த நிலத்தை வாங்கிவா என்று ராவை அனுப்புகிறார். மேலே வேலிக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்த அதே ராவ். போனவர் தன் பெயரில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வாங்கியது செல்லும், ஆனால் செய்தது ஏமாற்று நடத்தை என்பது விதி. ராவுக்காகப் பரிந்து பேசவும் ஆள் இருந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் முரடர்கள், ராவுக்கு அடங்குவார்கள், மற்றவருக்கு அடங்கமாட்டார்கள். அப்படியானால் திரும்பி வந்து சொல்லியிருக்கலாமே? அதற்குள் வேறொருவன் வாங்கிவிடுவானோ என்ற பயம். இந்தச் சமாதானத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், எங்காவது பயன்படும். ராவ் அளவுக்குப் படித்திருந்தால்தான் எடுபடும் என்பது என் சந்தேகம்.

எல்லாம் பொய்த்து விவகாரம் பெத் தின்னுக்கு வந்துவிட்டது. நீங்கள் ஒரு நீதிபதியைத் தேர்ந்தெடுக்கலாம், தரகர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார், மூன்றாமவரைப் பொதுவாகப் பார்ப்பார்கள். எவ்வளவு பேசினோம் என்பதுதான் தகராறு என்று வைத்துக்கொள்வோம். அவர் 60,000 என்கிறார். இங்கே ஒரு எச்சரிக்கை: பெருந்தன்மையாக, அதெல்லாம் இல்லை, 30,000தான் என்று சொல்லிவிடாதீர்கள். பாதியை ஒத்துக்கொண்டவன் மீதிக்குச் சத்தியம் செய்ய வேண்டும் என்பது வேதச் சட்டம். முழுசாக இல்லை என்று சாதிப்பவனுக்கு அந்தச் சத்தியம் கிடையாது. என்ன அநியாயம் என்று கேட்டால் தல்மூதில் ரப்பா என்ற ஆசிரியர் பதில் சொல்கிறார். கடன் கொடுத்தவன் முகத்துக்கு நேராக முழுப்பொய் சொல்லும் துணிச்சல் மனிதனுக்கு வராது. பாதியை ஒத்துக்கொள்கிறவனுக்கு முழுசையும் ஒத்துக்கொள்ளத்தான் ஆசை, கையில் காசு வரும்வரை இழுத்தடிக்கிறான். உங்களை அவர் நேரில் பார்த்ததில்லை, ஆனால் அச்சாகச் சொல்லிவிட்டார்.

துணிச்சல் இருந்து முழுசாக மறுத்தாலும் பிற்கால ஆசிரியர்கள் அதற்கும் ஒரு சத்தியத்தைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டார்கள். வேதச் சத்தியத்திலிருந்து தப்ப இன்னொரு வழியும் சொல்வார்கள். ஒத்துக்கொண்ட 30,000ஐக் கையோடு கொண்டுபோய், இந்தா பிடி என்று மேசையில் வைத்துவிட்டால் போதும். காசு கொடுக்காமலிருக்கும் கையேட்டில் இதை எந்த இடத்தில் சேர்ப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எப்படியும் இந்தக் காலத்து ரப்பிகள் யாரையும் சத்தியம் செய்யவிடத் தயங்குவார்கள். இருவரையும் கையெழுத்துப் போடச் சொல்லி, நடுவில் ஒரு தொகை பேசி முடித்துவைப்பார்கள். அந்தத் தொகையைக் கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும்.

எப்போது கொடுப்பது என்பதில்தான் கடைசி நம்பிக்கை. உழைத்தவன் கூலியைப் பொழுது விடியும்வரை வைத்துக்கொள்ளாதே என்கிறது லேவியராகமம். சூரியன் மறையுமுன் கொடு என்கிறது உபாகமம். தரகுக் கூலிக்கும் இது பொருந்தும் என்பார்கள். ஆனால் தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா ஒரு சலுகை தருகிறது: கேட்டால்தான் குற்றம், கேட்காதவரை தாமதம் பாவமல்ல. போனை அணைத்துவைக்கும் பழக்கத்துக்கு இவ்வளவு பழைய ஆதாரம் கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்? இன்னொன்று, மளிகைக் கடைக்காரரிடமோ காசு மாற்றுகிறவரிடமோ போய் வாங்கிக்கொள் என்று தரகரைத் திருப்பி அனுப்பினாலும் குற்றமில்லை. கடைக்காரர் கைவிரித்தால் அவர் உங்களிடமே திரும்பி வரலாம் என்பதுதான் ரப்பா சொன்ன தீர்ப்பு.

திரும்பி வரும்போது எங்கே நிற்பார் என்பது முக்கியம். கடன் கொடுத்தவன் அடகு கேட்டு வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடனாளிதான் பொருளைக் கொண்டுவந்து தர வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது. கூலிக்காரனுக்கு அந்தத் தடை இல்லை. சுமைகூலி, கழுதைக்கூலி, சத்திரக்கூலி பாக்கி என்றால் உள்ளேயே வரலாம். அதே கூலியைக் கடனாக மாற்றி எழுதிவிட்டால், அவரும் கடன்காரர் ஆகிவிடுவார், வாசலோடு சரி. ஆகவே தரகரிடம் அன்பாகப் பேசி, எழுபதாயிரத்தையும் கடனாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு உங்கள் போர்வையை மடித்து அடகாகக் கொடுங்கள். கடனாளி ஏழையானால் பொழுது சாயும்போது போர்வையைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. காலையில் அவர் எடுத்துக்கொண்டு போவார், மாலையில் கொண்டுவந்து தருவார், வருடக்கணக்கில் ஓட்டலாம். நீங்கள் ஏழை என்று அவரை நம்பவைப்பது மட்டும்தான் பாக்கி. வீட்டின் விலை அவருக்குத் தெரியும்.